பாதித் தலை: ஒரு பழைய வலியின் வரலாற்றுக் குறிப்புகள்

எங்க அப்பத்தாவுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை தலைவலி வரும். வந்தால் நெல் மூட்டை அடுக்கி வைத்திருக்கும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். ஈரத்துண்டை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதற்குக் கீழே சுக்குப் பற்று. ஜன்னல் திறக்கக் கூடாது, யாரும் சத்தமாகப் பேசக் கூடாது, தாளிக்கிற வாசனை அந்தப் பக்கம் வரக் கூடாது. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி வாசல் தெளிக்கும்.

வீட்டில் இதற்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள்: "வேலைக்குப் பயந்த தலைவலி." ஏன்னா அது பெரும்பாலும் விசேஷ நாட்களில், விருந்தாளி வருகிற நாட்களில்தான் வரும். சின்னப் பையனாக இருந்த நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு இருபத்தேழு வயதில் தெரிந்தது. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பது போல. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்த உள்ளறைதான்.

அதிலிருந்து தலைவலியைப் பற்றிக் கண்ணில் படுவதையெல்லாம் குறித்து வைப்பது பழக்கமாகிவிட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். நான் மருத்துவன் இல்லை. தலைவலிக்காரன், அவ்வளவுதான்.

எல்லா மொழியிலும் பாதித் தலை

நாம் "ஒற்றைத் தலைவலி" என்கிறோம். கொஞ்சம் பழைய ஆட்கள் "ஒருதலைவலி" என்பார்கள். வடமொழி மருத்துவ நூல்களில் இதற்கு அர்த்தாவபேதகம் என்று பெயர், பாதியைப் பிளப்பது என்று பொருள். இந்திக்காரர்கள் ஆதாசீசி என்கிறார்கள், பாதித் தலை. அரபியில் ஷகீகா, பிளந்த ஒரு பாதி. கிரேக்கத்தில் ஹெமிக்ரேனியா, பாதி மண்டை. இந்தக் கிரேக்கச் சொல்தான் லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், முன்னும் பின்னும் தேய்ந்து "மைக்ரேன்" ஆனது. பண்டைய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலும் "பாதித் தலை" நோய்க்கான மந்திரங்கள் இருக்கின்றன.

ஒன்றை ஒன்று பார்த்து எழுதியதாக இருக்கலாம், தனித்தனியாகவே கண்டுபிடித்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் எகிப்திலும் கிரேக்கத்திலும் இங்கேயும் ஒரே மாதிரி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மனுஷர்கள் படுத்திருந்தார்கள் என்பது நிச்சயம்.

கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கப்பதோக்கியா நாட்டு மருத்துவர் அரேத்தயஸ் தலைவலியை மூன்றாகப் பிரித்தார். வந்து போகும் சாதாரண வலி, விடாமல் நீடிக்கும் வலி, பாதித் தலை வலி. இந்த மூன்றாவது வகைக்காரர்கள் வெளிச்சத்தைக் கண்டு ஓடுவார்கள், இருட்டு அவர்களுக்கு இதம் என்று எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டு கழித்து இப்னு சீனாவும் (980–1037) இப்படிப்பட்டவர்கள் சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்காமல் தனியாக இருட்டில் படுக்க விரும்புவார்கள் என்கிறார். எங்கள் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் அரேத்தயஸைத் தெரியாது. அதனால் அது வேலைக்குப் பயந்த தலைவலி ஆகிவிட்டது.

பதினொரு தலைவலிகள்

சரக சம்ஹிதை தலைநோய்களை ஐந்தாகவும் சுஸ்ருத சம்ஹிதை பதினொன்றாகவும் பிரிக்கின்றன. சுஸ்ருதரின் பட்டியலில் வாதம், பித்தம், கபம், மூன்றும் சேர்ந்தது, இரத்தம், உடல் தேய்வு, கிருமி என்று காரணத்தை வைத்துப் பேரிட்டவை ஏழு. மீதி நான்கு இன்னும் சுவாரசியமானவை, ஏனென்றால் அவை கண்ணால் கண்டதை வைத்துப் பேரிட்டவை.

அதில் அர்த்தாவபேதகம் பத்து நாளைக்கொரு முறையோ பதினைந்து நாளைக்கொரு முறையோ, சில சமயம் காரணமில்லாமலோ வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அப்பத்தாவின் கணக்கு அப்படியே. சூரியாவர்த்தம் என்பது சூரியன் உதிக்கும்போது தொடங்கி, உச்சிவெயிலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்கையில் இறங்குவது. நெற்றிக்குள் இருக்கும் சைனஸ் அறைகளில் சளி அடைத்தால் வருகிற வலி பல பேருக்கு இதே கால ஒழுங்கில்தான் இருக்கும் என்று இன்றைய மருத்துவர்களும் சொல்கிறார்கள். நம்ம ஊரில் இதைத்தான் நீர்க்கோவை, பீனிசம் என்று சொல்லி, நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதும், நீர்க்கோவை மாத்திரையை உரைத்துப் பற்றுப் போடுவதும்.

அனந்தவாதம் கழுத்துப் பிடரியில் தொடங்கிக் கண்ணுக்கும் புருவத்துக்கும் பொட்டுக்கும் ஏறுவது. கடைசியாகச் சங்ககம். சங்கம் என்றால் நெற்றிப்பொட்டு. அங்கே கடுமையாக எழுந்து, மூன்று இரவுக்குள் ஆளைக் கொன்றுவிடும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்க சின்னத்தாத்தா ஒரு நாள் மத்தியானம் வரப்பில் நின்றுகொண்டிருந்தவர், "மண்டைக்குள்ள ஏதோ வெடிச்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வெயில் தாக்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். பற்றுப் போட்டார்கள், தைலம் தேய்த்தார்கள், மோர் கொடுத்தார்கள், திருநீறு மந்திரித்தார்கள். மறுநாள் பேச்சுக் குழறிய பிறகுதான் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவருக்குத் தெரிந்ததைப் பாசத்தோடுதான் செய்தார்கள். ஆனால் "எல்லாத் தலைவலியும் ஒன்றல்ல, அதில் ஒன்று ஆளைக் கொல்லும்" என்று இந்த மண்ணிலேயே எழுதி வைத்திருந்த ஒரு சங்கதி எங்கள் வீடு வரை வந்து சேரவில்லை. வைத்தியம் மட்டும் வந்திருந்தது, வகைப்பாடு வரவில்லை.

மீனும் பூண்டும் கத்தியும்

பழைய வைத்தியம் எல்லாமே மென்மையானது என்ற ஒரு நினைப்பு நமக்கு உண்டு. வரலாற்றைப் படித்தால் அது போய்விடும்.

கி.பி. 47 வாக்கில் ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்பவர் தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கிற இடத்தில் வைத்து, மரத்துப் போகும் வரை விடச் சொன்னார். ஸ்பெயினில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி (இறப்பு 1013 வாக்கில்) நெற்றிப்பொட்டில் கீறி, தோலுக்கடியில் பூண்டுப் பல்லைச் செருகச் சொன்னார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பதும் உண்டு.

இதில் மீன் வைத்தியம் மட்டும் ஒரு வட்டம் சுற்றி வந்துவிட்டது. நெற்றியில் ஒட்டிக்கொண்டு நரம்புக்கு லேசான மின்துடிப்பு கொடுக்கும் ஒரு கருவிக்கு 2014 இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆன் கான்வே (1631–1679) என்று ஒரு தத்துவவாதி இருந்தார். இளம் வயதிலிருந்து சாகும் வரை கடுமையான தலைவலி. இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹார்வியும், மூளை ஆராய்ச்சியின் முன்னோடி தாமஸ் வில்லிஸும் அவருக்கு வைத்தியம் பார்த்தவர்கள். பாதரசம் கொடுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டில் துளை போடலாம் என்று பிரான்ஸுக்கே போனார், அங்கே துளைக்காமல் இரத்தக் குழாயைத் திறந்து இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். 1666 இல் கையால் தடவிக் குணமாக்குகிறவர் என்று பேர் வாங்கிய ஒருவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வலிக்கு நடுவில் அவர் எழுதிய தத்துவக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1690 இல் புத்தகமாக வந்தன. லைப்னிட்ஸ் அதை மதித்துப் படித்தார்.

வில்லிஸ் 1672 இல் எழுதிய நூலில், மைக்ரேன் வலிக்குக் காரணம் தலையின் இரத்தக் குழாய்கள் விரிவது என்றார். 1938 இல் அமெரிக்காவில் கிரஹாம், வுல்ஃப் இருவரும் பொட்டு நாடியின் துடிப்பை அளந்து, மருந்து கொடுத்ததும் துடிப்பும் வலியும் சேர்ந்து குறைவதைக் காட்டினார்கள். அப்பத்தா துண்டை இறுக்கிக் கட்டியது நினைவுக்கு வருகிறதா? பொட்டு நாடியை அழுத்தினால் கொஞ்ச நேரம் வலி தணிவது உண்மைதான். ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. குழாய் விரிவது முழுக் காரணமல்ல, முகத்துக்கும் மூளையுறைக்கும் போகும் முக்கிளை நரம்பும் அது சுரக்கும் சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கும்தான் முக்கியம் என்று பிறகு தெரிந்தது. இதைக் கண்டுபிடித்த நான்கு பேருக்கு 2021 இல் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசு ஒன்று கிடைத்தது. மைக்ரேன் என்பது மூளை நரம்புகளின் நோய், உலகத்தில் சுமார் ஏழு பேரில் ஒருவருக்கு உண்டு, பெண்களுக்கு ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு. "பயந்த தலைவலி" இல்லை.

மஞ்சள் டப்பா

எங்கள் வீட்டுப் பிறையில் ரெண்டு மருந்து எப்போதும் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வரும் கோடாலித் தைலம் ஒன்று. மஞ்சள் நிற அமிர்தாஞ்சன் இன்னொன்று.

அமிர்தாஞ்சனை 1893 இல் பம்பாயில் தொடங்கியவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். ஆந்திரக்காரர். 1914 இல் சென்னைக்குக் கொண்டு வந்தார். அதே காலத்தில் "ஆந்திர பத்திரிகா" நாளிதழையும் சென்னையிலிருந்து நடத்தினார். தேசிய இயக்கத்துக்கும் தெலுங்குப் பதிப்புலகுக்கும் அவர் செலவழித்த காசில் தலைவலிக்காரர்களின் அணாவும் இருந்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பேரில்தான். கச்சேரி கேட்க வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தே விற்பனையைப் பிடித்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

இந்தத் தைலங்கள் வேலை செய்கின்றனவா? செய்கின்றன, ஓரளவுக்கு. புதினா வகையிலிருந்து வரும் மெந்தால், தோலில் குளிர்ச்சியை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. அந்த ஏற்பியை 2002 இல்தான் அடையாளம் கண்டார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்பு மிளகாய்ச் சூட்டை உணரும் ஏற்பியைக் கண்டிருந்தார்கள், சுக்கின் காரமும் அதே கதவைத்தான் தட்டுகிறது. இவற்றில் பங்குள்ள டேவிட் ஜூலியஸ் 2021 இல் நோபல் வாங்கினார். ஆக, பற்றும் தைலமும் செய்வது ஒன்றுதான்: தோலிலிருந்து வேறொரு சேதியை அனுப்பி, வலிச் சேதியை மட்டுப்படுத்துவது.

1996 இல் ஜெர்மனியில் 41 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். நெற்றியில் தடவிய 10% புதினா எண்ணெய், 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் அளவுக்கு வேலை செய்தது. ஆனால் கவனிக்கணும்: அது இறுக்கத் தலைவலிக்காரர்களுக்கு. தலையைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல இரண்டு பக்கமும் அழுத்துமே, வாந்தி இருக்காதே, அது. ஒற்றைத் தலைவலிக்கு அல்ல.

இயற்கை, இயற்கை என்று

"மாத்திரை வேண்டாம், இயற்கையா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. 1763 இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் வில்லோ மரப்பட்டைப் பொடி காய்ச்சலுக்குக் கேட்கிறது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1828 இல் அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் பிரிக்கப்பட்டது. அந்த வழியில் வந்ததுதான் 1899 இல் விற்பனைப் பேர் பெற்ற ஆஸ்பிரின். மைக்ரேனுக்குக் கொடுத்த எர்கோட்டமின், 1918 இல் கம்பு போன்ற ரை என்ற தானியத்தில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. அதே பூஞ்சை பட்ட தானியத்தைத் தின்று இடைக்கால ஐரோப்பாவில் கைகால் அழுகிச் செத்தவர்கள் ஏராளம். அதுவும் இயற்கைதான்.

பட்டர்பர் என்ற செடியின் கிழங்குச் சாறு மைக்ரேன் வராமல் தடுக்கும் என்று 2012 இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி பரிந்துரைத்தது. கல்லீரல் கெடுகிறது என்று தெரிந்து 2015 இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. "இயற்கை" என்பது ஒரு சான்றிதழ் இல்லை.

நம்ம சுக்கு? 2014 இல் வெளிவந்த ஈரான் ஆய்வில், 100 மைக்ரேன் நோயாளிகளில் பாதிப் பேருக்கு 250 மில்லிகிராம் இஞ்சிப் பொடியும் பாதிப் பேருக்கு சுமாட்ரிப்டான் மாத்திரையும் கொடுத்தார்கள். வலி தணிந்த அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒரே ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தினமும் இஞ்சி சாப்பிட்டால் வலி வராமல் தடுக்குமா என்று பிரேசிலில் பார்த்தபோது பலன் தெரியவில்லை. வந்த வலிக்கு ஆரம்பத்திலேயே ஒரு சுக்குத் தண்ணீர் குடிப்பதில் நஷ்டமில்லை, குமட்டலுக்காவது நல்லது.

வேது பிடிப்பது பற்றி 2016 இல் பிரிட்டனில் வந்த ஒரு ஆய்வு சொல்வது: நாள்பட்ட சைனஸ்காரர்களுக்குத் தலைவலி குறைந்தது, மற்ற தொந்தரவுகளில் பெரிய மாற்றமில்லை. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு அதைவிட நல்ல பலன். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சைனஸ் தலைவலி" என்று தாங்களோ டாக்டரோ முடிவு கட்டியிருந்த ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்த ஒரு அமெரிக்க ஆய்வில் (2004), அவர்களில் 88% பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. வருஷக் கணக்கில் தப்பான நோய்க்கு வேது பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தலைவலி போய் திருகுவலி

என் கதைக்கு வருகிறேன். வலி வந்து ரெண்டு வருஷத்தில் நான் தினமும் மாத்திரை போடும் ஆளாகிவிட்டேன். மாத்திரை இல்லாமல் வெளியூர் போக மாட்டேன். மாசத்துக்கு மூன்று நாள் வந்த வலி, கிட்டத்தட்ட எல்லா நாளும் காலையிலேயே வரத் தொடங்கியது. வலிக்கிறது என்று மாத்திரை போட்டேன், மாத்திரை போட்டதால் வலித்தது. கடைசியில் பார்த்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாசத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" எனக்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1951 இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பீட்டர்ஸ், ஹார்ட்டன் இருவரும், எர்கோட்டமினை அளவுக்கு மீறிச் சாப்பிட்டவர்களுக்கு அந்த மருந்தே தலைவலி தருவதையும், நிறுத்தினால் சில நாள் படுத்திவிட்டுப் பிறகு குறைவதையும் எழுதினார்கள். இன்றைய சர்வதேச வகைப்பாட்டில் இது தனி வகை. மூன்று மாதத்துக்கு மேலாக, சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ, டிரிப்டான் அல்லது கலப்பு மாத்திரைகளை 10 நாளோ போட்டால் இதுவாக இருக்கலாம். நான் டாக்டர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் பத்து நாள் நரகம். பிறகு மாசத்துக்கு நாலு நாளுக்கு இறங்கியது.

காப்பியும் இதே சாதி. தினமும் குடிக்கிறவர் விட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை பிடிக்கும். விரத நாள் தலைவலியில் பாதி பட்டினி, பாதி காப்பி. 1943 இலேயே இதை ஆட்களை வைத்துச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். அப்பத்தாவுக்கு விசேஷ நாளில் ஏன் தலைவலி வந்தது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. முந்தின ராத்திரி தூக்கமில்லை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, அடுப்புப் புகை, சாம்பிராணி, வெயில், கூட்டம். மைக்ரேனைக் கிளப்பும் காரணங்கள் என்று இன்று அச்சடித்துக் கொடுக்கிற பட்டியல் முழுக்க அந்த ஒரு நாளில் இருந்தது. வேலைக்குப் பயந்து வந்த தலைவலி அல்ல, வேலையால் வந்த தலைவலி.

எனக்காக எழுதி வைத்திருப்பது

டைரியின் முதல் பக்கத்தில் நான் எழுதி ஒட்டியிருப்பதை அப்படியே தருகிறேன்.

முதலில் வகை. ரெண்டு பக்கமும் அழுத்துகிறதா, ஒரு பக்கம் துடிக்கிறதா? வாந்தி, வெளிச்சக் கூச்சம் உண்டா? ஒரு கண் சிவந்து நீர் வடிய, தினமும் ஒரே மணிக்கு வந்து ஆளை உட்கார விடாமல் அலைக்கழிக்கிறதா? இது கிளஸ்டர் வகை, இதற்குத் தைலம் உதவாது, முகமூடி வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுப்பார்கள்.

அடுத்து ஒழுங்கு. ஒரே நேரத்துக்குத் தூக்கம், ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், அளவான காப்பி. மாத்திரை போட்ட நாளைக் காலண்டரில் வட்டம் போடுவது. தைலம், பற்று, வேது எல்லாம் இதமாக இருந்தால் தாராளமாக.

கடைசியாக, சங்ககம். இடி இறங்கினாற்போல ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்புமாக வருகிற வலி, பேச்சுக் குழறல், கைகால் மரத்தல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பிறகு வருகிற வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிற வலி, கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வருகிற கடும் வலி. இதில் எது வந்தாலும் சுக்கு உரைக்க உட்காரக் கூடாது. வண்டியைக் கூப்பிட வேண்டும்.

அப்பத்தா எண்பத்தி மூன்று வயது வரை இருந்தது. கடைசிக் காலத்தில் அந்தத் தலைவலி தானாகவே விட்டுப் போயிருந்தது, வயதானால் பல பேருக்கு அப்படித்தான். ஒரு தடவை ஊருக்குப் போனபோது எனக்கு வந்துவிட்டது. கேட்காமலேயே உள்ளறை ஜன்னலைச் சாத்தி, ஈரத்துண்டு கொண்டு வந்து கட்டிவிட்டது. "பாதித் தலையா?" என்று மட்டும் கேட்டது. ஆமாம் என்றேன். "வாந்தி வந்தா எடுத்துரு, அடக்காதே. நாளைக்குச் சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, வெளியே சத்தம் போட்டு விளையாடிய பிள்ளைகளை விரட்டப் போனது. சின்ன வயதில் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கணும் என்று அன்றைக்கு நினைத்தேன். வலியில் பேச முடியவில்லை. அப்புறம் கேட்கவே இல்லை.